பலூன் விற்ற பட்டதாரி, டயர் கம்பெனி முதலாளி ஆனார்!

திருவொற்றியூர் கொட்டகையில் பிறந்த தொழில், அமெரிக்கா வரை போனது

"டிகிரி முடிச்சாச்சு. வேலைதான் கிடைக்கலே!"

வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்து இளைஞர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு இது.

வாசலில் நின்றால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். பக்கத்திலேயே துறைமுகம். ஆனாலும் படிக்கவும், வேலை தேடவும் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருக்கிறது.

அந்த மின்சார ரயில், எண்ணூர், திருவொற்றியூர் வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. சென்னையில் படித்துப் பட்டம் வாங்கிய ஒருவர், பெரிய முதல் எதுவும் இல்லாமல் பலூன் செய்யத் தொடங்கியது, இந்தத் திருவொற்றியூரில்தான்!

அவர் பெயர், கே.எம்.மம்மன் மாப்பிள்ளை. "எம்.ஆர்.எப்." டயர் கம்பெனியை உண்டாக்கியவர்.

வங்கி மூடியது

மம்மன் மாப்பிள்ளை, 1922-ம் ஆண்டு கேரளத்தில் பிறந்தார். பணக்காரக் குடும்பம். அப்பா கே.சி.மம்மன் மாப்பிள்ளை, "மலையாள மனோரமா" பத்திரிகையின் ஆசிரியர். "திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி"யும் அவர்கள் கையில் இருந்தது.

1938-ல் எல்லாம் தலைகீழ் ஆனது. வங்கி மூடப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பத்திரிகைக்குப் பூட்டு விழுந்தது. அப்பா ஜெயிலுக்குப் போனார்.

மகன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். 1937-ல்தான் அந்தக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்து தாம்பரத்துக்கு மாறி இருந்தது.

வசதியாக வாழ்ந்த வீட்டுப் பிள்ளை, அங்கே செயிண்ட் தாமஸ் விடுதியில் வெறும் தரையில் படுத்துத் தூங்கினார். படிப்பை மட்டும் விடவில்லை. பட்டம் வாங்கினார்.

கொட்டகையில் பலூன்

பட்டம் வாங்கியவர், நாற்காலி வேலை தேடிப் போகவில்லை. 1946-ம் ஆண்டு, திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகை போட்டார். அதில் விளையாட்டு பலூன் செய்தார்.

பலூன் செய்யப் பெரிய எந்திரம் தேவை இல்லை. ரப்பர் பாலில் அச்சை முக்கி எடுக்க வேண்டும். காய வைத்து, சூடு காட்டி, உரித்து எடுக்க வேண்டும். கை வேலைதான் அதிகம்.

விற்பதற்கும் ஆள் வைக்கவில்லை. பலூன்களைப் பையில் போட்டுக்கொண்டு அவரே தெருத் தெருவாகப் போய் விற்றார்.

கல்லூரிப் பட்டம் கையில் இருந்தது. ஆனால் ரப்பரைப் பற்றி அவர் படித்தது கொட்டகையில். வியாபாரம் படித்தது தெருவில்!

1949-ல் தம்பு செட்டி தெருவில் ஒரு ஆபீஸ் பிடித்தார். பலூனோடு, ரப்பர் பொம்மை, தொழிற்சாலைக் கையுறை என்று சரக்கும் பெருகியது.

தேய்ந்த டயர்

திருப்பம், 1952-ல் வந்தது.

லாரி டயர் தேய்ந்து வழவழப்பாகி விட்டால் அதைத் தூக்கி எறிவது இல்லை. மேல் பாகத்தைச் சுரண்டி, புதிய ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேக வைப்பார்கள். டயர் மறுபடியும் ஓடும். லாரிக்காரருக்குப் புது டயர் வாங்கும் செலவு மிச்சம்.

இப்படி ஒட்டும் ரப்பருக்கு "டிரெட் ரப்பர்" என்று பெயர். அன்றைக்கு இந்த வியாபாரம் வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில் இருந்தது.

பலூன் கம்பெனி, அவர்களோடு மோதுவதா? மோதினார், மம்மன் மாப்பிள்ளை! பலூனில் சம்பாதித்த பணத்தை இதில் போட்டார். தவறி இருந்தால், பலூனும் போயிருக்கும், கொட்டகையும் போயிருக்கும்.

தவறவில்லை. 4 ஆண்டுதான். 1956-ல் இந்திய டிரெட் ரப்பர் மார்க்கெட்டில் பாதி, திருவொற்றியூர்ச் சரக்கு!

முதல் டயர்

அடுத்தது, முழு டயர். அமெரிக்காவின் "மான்ஸ்பீல்டு" கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டார். 1961-ல் திருவொற்றியூரில் டயர் தயாரானது.

இதிலும் சிக்கல் வந்தது. அமெரிக்க ரோடு வேறு, நம்ம ஊர் ரோடு வேறு. குண்டும் குழியும், வெயிலும், அளவுக்கு மேல் ஏற்றிய பாரமும் அங்கே கிடையாது. நமக்கு ஏற்ற டயரை நாமே ஆராய்ந்து செய்ய வேண்டியிருந்தது.

1963 ஜூன் 12-ந்தேதி, திருவொற்றியூரில் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியவர், பிரதமர் நேரு.

1967-ல், எந்த நாட்டிடம் தொழில் கற்றாரோ அந்த அமெரிக்காவுக்கே டயரை அனுப்பினார். அமெரிக்காவுக்கு டயர் ஏற்றுமதி செய்த முதல் இந்தியக் கம்பெனி இதுதான்.

மம்மன் மாப்பிள்ளை, 2003-ம் ஆண்டு மார்ச் 3-ந்தேதி சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

வள்ளூர் வரை

திருவொற்றியூரோடு தொழிற்சாலைகள் நிற்கவில்லை. கடலோரமாகவே வடக்கே நகர்ந்தன.

2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014-ல் அதற்குக் காமராஜர் துறைமுகம் என்று பெயர் மாறியது.

வள்ளூர் அனல் மின் நிலையத்தில், தலா 500 மெகாவாட் வீதம் 3 எந்திரங்கள் உள்ளன. மொத்தம் 1,500 மெகாவாட். ஒடிசா நிலக்கரி, பாரதீப்பில் இருந்து கப்பலில் எண்ணூருக்கு வருகிறது. அங்கிருந்து ஓடும் பட்டையில் மின் நிலையத்துக்குப் போகிறது.

இந்தப் பட்டையும், மோட்டாரும், கொதிகலனும் ஒரு நாள் நின்றால் நஷ்டம். அதனால் இங்கே எப்போதும் தேவைப்படுகிறவர்கள் பிட்டர், எலக்ட்ரீசியன், வெல்டர்.

அப்ரண்டிஸ்

எல்லாருமே முதலாளி ஆகிவிட முடியாது. மம்மன் மாப்பிள்ளைக்குத் தொழில் தெரிந்த குடும்பம் இருந்தது. அது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வழி இருக்கிறது. அதுதான் அப்ரண்டிஸ் பயிற்சி.

திருவொற்றியூரில் டயர் தயாரான அதே 1961-ம் ஆண்டில்தான் தொழில் பழகுநர் சட்டமும் வந்தது. இதன்படி கம்பெனிகள் இளைஞர்களைச் சேர்த்து, மாதா மாதம் உதவித் தொகை கொடுத்துத் தொழில் கற்றுத் தரவேண்டும். ஐ.டி.ஐ. படித்தவர்களும் சேரலாம், பட்டதாரிகளும் சேரலாம்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு சேர்வது நல்லது. பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனியில் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. கையில் தொழிலும் சர்டிபிகேட்டும் நிச்சயம். வேலையை, அதை வைத்துத்தான் தேட வேண்டும்.

ஐ.டி.ஐ.யில் பிட்டர், எலக்ட்ரீசியன் படிப்பு 2 வருடம். 10-ம் வகுப்பு தேறி இருக்க வேண்டும். வெல்டர் படிப்பு 1 வருடம். இதற்கு 8-ம் வகுப்பு போதும்.