ஆக்குவோரும் ஆராய்வோரும்

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடியில் கடமையாற்றிய ஆசிரியர் எவரும் ஒரு நிகழ்ச்சியை நன்கு அறிவர். வாக்குப்பதிவு தொடங்குதற்கு முன்னர், வேட்பாளர்களின் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதியப்படுகின்றன. இயந்திரம் காட்டும் எண்ணிக்கையும் தாள் சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கக் கண்டபின், அவ்வாக்குகள் அழிக்கப்பெற்று இயந்திரம் முத்திரையிடப்படுகின்றது. கணிப்பொறித் துறையை இன்று வருத்தும் ஒரு சிக்கலைத் தீர்க்கும் வழி இச்சிறு செயல்முறையிலே அடங்கியுள்ளது.

மென்பொருள் எழுதுவோர் ஒரு சாரார். அதிலுள்ள பலவீனங்களைத் தேடிக் காணும் பாதுகாப்பு ஆய்வாளர் மற்றொரு சாரார். முன்னவர் குறித்த நாளில் வேலையை முடித்துத் தர வேண்டியவர். பின்னவர் கேடு நேருமுன் அதற்குரிய வாயிலைக் கண்டு சொல்ல வேண்டியவர். குறை சொல்லப்பட்டதும் ஆக்கியவருக்குத் தம் திறமை பழிக்கப்பட்டதாகத் தோன்றுகின்றது. சொன்னது ஏற்கப்படாதபோது, உண்மை மறைக்கப்படுவதாக ஆராய்ந்தவர் எண்ணுகின்றார். இவ்வாறு எழும் ஐயம் எத்துணைத் தொலைவு செல்லும் என்பதற்கு ஹைதராபாத் நகரம் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றது.

அணுசக்தித் துறையைச் சார்ந்த இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம் 1967-ஆம் ஆண்டில் அந்நகரில் தோன்றியது. நம் நாட்டு வாக்குப்பதிவு இயந்திரங்களை ஆக்கும் இரு அரசு நிறுவனங்களுள் இஃதொன்று. மற்றொன்று பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ். 1982-இல் கேரளத்துப் பரவூர்த் தொகுதியில் 50 சாவடிகளில் இயந்திரம் முதன்முறையாகப் பயன்பட்டது. அதற்குச் சட்டத்தில் இடமில்லை எனக் கூறி உச்ச நீதிமன்றம் 1984-இல் அச்சாவடிகளின் தேர்தலைச் செல்லாதென்றது. பின்னர் 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2004-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரமே பயன்பட்டது.

2009-இல், குறை கூறுவோர் தம் கூற்றை மெய்ப்பித்துக் காட்டுமாறு தேர்தல் ஆணையம் அழைத்தது. வந்தவர்களுள் ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஹரி பிரசாத்தும் ஒருவர். இயந்திரத்தின் உட்பகுதியை எவ்வளவு தூரம் ஆராயலாம் என்பதிலே பிணக்கு நேர்ந்தது. சோதனை முடிவுறாமலே நின்றது. இரு சாராரும் அதற்கு இருவேறு விளக்கம் கூறினர்.

மறு ஆண்டில் அவரும், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்து அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தைச் சேர்ந்த ரோப் கோங்கிரைப் முதலியோரும் ஓர் இயந்திரத்தைத் தாமே ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டனர். இயந்திரம் தனியே கையிற் கிடைத்தால், முடிவைக் காட்டும் பலகையை மாற்றி வைக்கலாம், நினைவுச் சில்லிலுள்ள எண்ணிக்கையையும் திருத்தலாம் என்பது அவர்களது முடிவு. அவ்வியந்திரம் கிடைத்த விதம் பற்றிய வழக்கில் ஹரி பிரசாத் 2010 ஆகஸ்டு மாதம் கைது செய்யப்பட்டுப் பின்னர்ப் பிணையில் விடுவிக்கப்பட்டார்.

இரு சாராரின் வாதத்திலும் பொருள் உண்டு. முத்திரைகள், காவல், எவ்வியந்திரம் எச்சாவடிக்குச் செல்லும் என்பதை முன்கூட்டி அறியவொண்ணாத ஒதுக்கீடு ஆகிய அரண்களைக் கடந்தே ஒருவன் இயந்திரத்தை அணுக வேண்டும் என்றது ஆணையம். ஆய்வுக்கூடத்தில் செய்ததைச் சாவடியிற் செய்தல் எளிதன்று என்பது மெய்யே. ஆனால், சில்லினுள் பதிந்த கட்டளைத் தொகுதியை வெளியே படித்தறிய இயலாது. திருடனுக்குத் தடையான இவ்வமைப்பு சரிபார்ப்பவருக்கும் தடையாகின்றது. இதுவே ஆய்வாளர்களின் கவலை.

இக்கவலைக்கு விடையாக, வாக்காளர் தம் வாக்கைத் தாளில் 7 விநாடி கண்டு தெளியும் கருவி வந்தது. 2013-இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் அது முதன்முறை பயன்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள், இதனைப் படிப்படியாகப் புகுத்துமாறு உச்ச நீதிமன்றம் பணித்தது. 2019 மக்களவைத் தேர்தலில் அது சாவடிதோறும் இடம்பெற்றது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் பழைய வாக்குச்சீட்டு முறைக்கு மீளும் வேண்டுகோளை ஏற்கவில்லை. எனினும், இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் முடிவு வெளியான 7 நாட்களுள் எழுத்து மூலம் கோரினால், 5 விழுக்காட்டு இயந்திரங்களின் சில்லுகளை ஆக்கிய நிறுவனத்துப் பொறியாளர்கள் சரிபார்க்க வேண்டும் என விதித்தது. செலவைக் கோரியவர் ஏற்க வேண்டும்; முறைகேடு காணப்படின் அத்தொகை திருப்பித் தரப்படும்.

2009-இல் சோதனையைத் தடுத்தது, எதைத் திறக்கலாம் என்ற வரையறை முன்னரே வகுக்கப்படாமை. 2024-இல் யார் கோரலாம், எத்தனை நாளுள், எத்தனை இயந்திரம், யார் செலவு என்பன யாவும் வகுக்கப்பட்டன. ஆக்குவோரும் ஆராய்வோரும் ஒருவரையொருவர் நம்பாவிடினும், இருவரும் நம்பத்தக்க ஒழுங்குமுறை ஒன்று இருத்தல் கூடும். நாளடைவில் அவ்வொழுங்கே நம்பிக்கையை வளர்க்கும்.

மென்பொருள் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். வேலை முடிந்தபின் குற்றப்பட்டியலோடு வரும் ஆய்வாளர் வரவேற்பைப் பெறார். வரைவு நிலையிலேயே உடனிருந்து, எதைச் சோதிப்பது, எவரிடம் சொல்வது, எத்தனை நாளுள் திருத்துவது என்பனவற்றை ஒப்பி வைத்துக்கொள்ளல் வேண்டும். வெளியார் கண்ட குறையை ஆக்கியோரிடம் சேர்த்து, அது திருத்தப்பட்டபின் உலகறியச் செய்வதற்கு, 2004 முதல் இயங்கும் செர்ட்-இன் என்னும் மத்திய அரசு அமைப்பு துணைநிற்கின்றது. குறை கூறியவருக்குத் தீங்கு நேராது என்ற உறுதியும் இவற்றோடு வேண்டும். அஃதின்றேல் அடுத்த குறையைக் கண்டவர் வாய் திறவார்.

மாதிரி வாக்கின்போது முகவர் ஒருவர், “மீண்டும் ஒருமுறை எண்ணிக் காட்டுங்கள்” என்று கேட்பதுண்டு. சாவடி அலுவலர் அதனை அவமதிப்பாகக் கொள்ளாது எண்ணிக் காட்டுகின்றார். மாணவர்க்கு இத்துறையைக் கற்பிக்கும் ஆசிரியர், அந்த மறு எண்ணிக்கையிலிருந்தே தம் பாடத்தைத் தொடங்கலாம்.