மணி பிளாண்ட்

மணி பிளாண்ட் என்பது சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்த வெப்பமண்டலப் படர்கொடி ஆகும். இதன் அறிவியல் பெயர் எபிப்ரெம்னம் ஆரியம். இரண்டாவது சொல் 'பொன்னிறமான' என்று பொருள்படும் லத்தீன் சொல். இலையில் ஓடும் மஞ்சள் தீற்றல்களால் வந்த பெயர். பசிபிக் பெருங்கடலில் தாகித்திக்கு அருகிலுள்ள மோரேயா தீவே இதன் தாயகம். ஆங்கிலத்தில் இதற்குச் 'சிலோன் கொடி' என்றொரு பெயரும் உண்டு. ஆனால் இலங்கைக்கு இது வெளியிலிருந்து வந்த செடிதான்.

பாட்டிலிலும் தொட்டியிலும் உள்ளங்கை அளவு இலைகளோடு நாம் பார்ப்பது இக்கொடியின் இளம் பருவம் மட்டுமே. வீடுகளில் வளரும் பெரும்பாலான கொடிகள் அந்தப் பருவத்தைத் தாண்டுவதே இல்லை.

மரமேறும் கொடி

காட்டில் இது மண்ணில் தொடங்கி அருகிலுள்ள மரத்தைப் பற்றி ஏறுகிறது. கணுக்களிலிருந்து புறப்படும் வேர்கள் மரப்பட்டையை இறுகப் பிடித்து, அதில் தங்கியிருக்கும் ஈரத்தையும் மக்கையும் உறிஞ்சுகின்றன. மரத்தின் சாற்றை எடுப்பதில்லை. எனவே இது ஒட்டுண்ணி அல்ல. அடித்தண்டு அறுந்தாலும் மேற்பகுதி பிழைத்துக்கொள்ளும். இத்தகையவற்றைப் பகுதித் தொற்றுத் தாவரங்கள் என்பர்.

ஏற ஏற இலை பெரிதாகும். முதிர்ந்த கொடி 20 மீட்டர் உயரம் வரை செல்லும். இலை ஒரு மீட்டர் நீளம்வரை வளர்ந்து, கிழித்துவிட்டது போல ஓரங்கள் பிளவுபடும். அந்த நிலையில் பார்ப்பவர்கள் வேறு ஏதோ செடி என்றே நினைப்பார்கள். அதே கொடியைத் தொங்கவிட்டால் புது இலைகள் சிறுத்துக்கொண்டே போகும்.

இக்கொடி இயல்பாகப் பூப்பது மிக அரிது. பூ இல்லாமல் வகைப்படுத்துவது கடினம் என்பதால் 1880-இல் போத்தோஸ் என்ற பேரினத்தில் வைக்கப்பட்ட இது, பின்னர் வேறு பேரினங்களுக்கும் மாற்றப்பட்டது. காரணம் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரிந்தது: ஜிப்ரலின் என்னும் வளர்ச்சி ஹார்மோனை உருவாக்கத் தேவையான மரபணு ஒன்று இதில் சரியாக இயங்குவதில்லை. அந்த ஹார்மோனைத் தெளித்தபோது செடி பூத்தது. விதை கிடைக்காததால், வீடுகளில் உள்ள கொடிகள் எல்லாம் தண்டுத் துண்டிலிருந்து வந்தவையே.

வளர்க்கும் முறை

இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். மொட்டு கணுவில்தான் இருக்கிறது. இலையை மட்டும் நட்டால் வேர் விடலாமே தவிர, கொடி வராது. பிறர் வீட்டிலிருந்து திருடி நட்டால்தான் பணம் சேரும் என்பார்கள். கேட்டு வாங்கிய துண்டும் அதே வேகத்தில்தான் வேர் விடுகிறது.

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், கொஞ்சம் மணல் கலந்த, நீர் தேங்காத கலவை போதும். மேல்மண் விரலுக்குக் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் அதிகமானால் வேர் அழுகிவிடும். நேர் வெயில் இலையைக் கருக்கும். இருட்டு மூலையில் வைத்தால் மஞ்சள் தீற்றல் மறைந்து இலை முழுப் பச்சையாகும். பெரிய இலை வேண்டுவோர் தேங்காய் நார் சுற்றிய கம்பத்தை நட்டு, நாரை ஈரமாக வைத்து, கொடியை அதில் ஏற்றிக் கட்டலாம்.

கவனிக்க வேண்டியவை

பாட்டில் தண்ணீரில் வளர்ப்பவர்கள் ஒன்றை அவசியம் அறிய வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இத்தகைய தெளிந்த, அசையாத நீரில்தான். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாட்டிலின் உட்சுவரில் முட்டைகள் ஒட்டியிருக்கும். காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடிருக்கும். குறைந்த தண்ணீரை மேலே ஊற்றி நிரப்பினால் அந்த முட்டைகள் நனைந்து பொரிக்கும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறை தண்ணீரை முழுவதும் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, வேரையும் அலசிவிட வேண்டும். அது முடியாதவர்கள் மண்ணுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

இலையிலும் தண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உள்ளன. கடித்தால் வாய் எரிந்து வீங்கும். குழந்தைகள், பூனை, நாய் ஆகியவற்றுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

அறைக் காற்றைச் சுத்தமாக்கும் என்ற புகழ் 1989-இல் நாசா செய்த ஆய்விலிருந்து வந்தது. அது மூடிய சிறு அறைகளில் செய்யப்பட்ட சோதனை. சன்னல் திறந்த அளவு பயன் கிடைக்க, ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் தேவைப்படும் என்று 2019-இல் வந்த மீளாய்வு கணக்கிட்டது.

இலங்கை, ஹவாய், புளோரிடா ஆகிய இடங்களில் இது தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டுத் தரையையும் மரங்களையும் மூடிவருகிறது. கழித்த துண்டுகளை ஓடைக்கரையிலோ காட்டோரத்திலோ வீசக்கூடாது. கணு உள்ள துண்டு எங்கு விழுந்தாலும் வேர் விடும். வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே குப்பையில் சேர்க்க வேண்டும்.