பிள்ளை மெல்பர்னுக்குப் போகும் முன்



சுவா வட்டாரத்தில் செம்பனை மரங்களுக்கு மேலே விமானங்கள் பறந்து போவதைப் பார்த்துப் பழகியவர்கள் நீங்கள். 1998-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சிப்பாங் விமான நிலையமே ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த நிலந்தான். அங்கும் நம்மவர்கள் பால்மரம் வெட்டினார்கள், குலை அறுத்தார்கள். இன்று அதே இடத்திலிருந்து நம் பிள்ளைகள் விமானம் ஏறுகிறார்கள். சிலர் படிக்கப் போகிறார்கள். சிலர், "ஓராண்டு ஆஸ்திரேலியாவில் வேலை செய்துகொண்டே ஊரையும் பார்த்து வருகிறேன்" என்கிறார்கள். அப்படிக் கேட்கும் மகனுக்கோ மகளுக்கோ தாய் தகப்பன் என்ன பதில் சொல்வது? இன்றைய பேச்சில் அதைப் பார்ப்போம்.

முதலில் அந்த விசா எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதை 'வேலையும் விடுமுறையும்' விசா என்று சொல்லலாம். மலேசியர்களுக்கு ஆண்டுதோறும் குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டுமே உண்டு. வயது 18 முதல் 30-க்குள் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டாவது படித்திருக்க வேண்டும், அல்லது அதற்கு ஈடான உயர்கல்வித் தகுதி வேண்டும். ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். கையில் ஏறத்தாழ 5,000 ஆஸ்திரேலிய டாலர் சேமிப்பும், திரும்பி வருவதற்கான பயணச் செலவும் காட்ட வேண்டும். கிடைத்தால் 12 மாதம் தங்கலாம். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. நகருக்கு வெளியே, அந்த அரசு குறித்துள்ள பகுதியில், குறித்துள்ள தொழிலில் மூன்று மாதம் உழைத்தவர் இரண்டாவது ஆண்டுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இருக்கிறது. சுற்றுப்பயணிக்குக் கொடுக்கும் அனுமதி சுலபமாகக் கிடைக்கும். அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, "பழத்தோட்டத்தில் வேலை தயார், சம்பளம் அள்ளிக்கொண்டு வரலாம்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் உண்டு. சுற்றுப்பயண அனுமதியில் அங்கே கூலி வேலை செய்ய இடமில்லை. பிடிபட்டால் தடுப்பு முகாம், நாடு கடத்தல், பிறகு மூன்றாண்டு வரை திரும்ப நுழைய முடியாத நிலை. இதை நம்பித் தாலிச் சங்கிலியை அடகு வைத்தவர்களின் கண்ணீர் நமக்குப் புதிதல்ல. ஆகவே பெற்றோர்களே, பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்த விசா?" என்பதுதான். வேலை விடுமுறை விசாவுக்குப் பிள்ளையே கணினியில் நேராக விண்ணப்பிக்கலாம். இடையில் ஆள் தேவையில்லை.

அடுத்தது பெட்டி கட்டும் வேலை. அம்மாக்களே, கொஞ்சம் கவனியுங்கள். மாங்காய், கருவேப்பிலை, கருவாடு, மிளகாய் விதை என்று அன்போடு வைத்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியா தன் பயிர்களையும் கால்நடைகளையும் நோய் அண்டாமல் காக்க, எல்லையிலேயே கடுமையாகச் சோதிக்கிறது. உணவுப் பொருள் எது இருந்தாலும் வருகைச் சீட்டில் எழுதிக் காட்ட வேண்டும். காட்டினால் அதிகாரி பார்த்து விடுவார், அல்லது வாங்கிப் போட்டுவிடுவார். மறைத்தால் அபராதம். அதைவிடக் கனமான கம்பளிச் சட்டை ஒன்று வைத்தால் உபயோகம். நமக்கு வெயில் கொளுத்தும் ஜூன், ஜூலையில் அங்கே குளிர்காலம். மெல்பர்ன் நகரில் காலை வேளையில் வெப்பம் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். ஐந்து மணி தாண்டியதும் இருட்டிவிடும். ஜனவரியிலோ இரவு எட்டரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

நகரில் கால் வைத்த முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை நான்கு. கைப்பேசிக்கு உள்ளூர் எண் வாங்குவது, வங்கிக் கணக்குத் திறப்பது, வரி எண் பெறுவது, தங்க ஓர் அறை தேடுவது. வரி எண்ணை அந்நாட்டு வரி இலாகா இலவசமாகவே கொடுக்கிறது. அது இல்லாமல் வேலைக்குச் சேர்ந்தால் சம்பளத்தில் மிக உயர்ந்த விகிதத்தில் வரி பிடித்துவிடுவார்கள். எண் இருந்து, முதலாளியும் முறைப்படி பதிந்தவராக இருந்தால், இந்த விசாக்காரருக்கு ஆண்டு வருமானத்தில் 45,000 டாலர் வரை 15 விழுக்காடு வரி. நகரில் டிராம், ரயில், பஸ் மூன்றுக்கும் 'மைக்கி' என்ற ஒரே அட்டை போதும். நகர நடுவில் ஒரு வட்டாரத்துக்குள் டிராமில் காசில்லாமலே போகலாம்.

அறை விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இங்கிருந்தபடியே படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பக் கூடாது. முதல் சில நாள் விடுதியில் தங்கி, அறையை நேரில் பார்த்து, எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிய பிறகே பணம் தர வேண்டும். விக்டோரியா மாநிலத்தில் வீட்டுக்காரர் வாங்கும் வைப்புத்தொகையை அவர் தம் பையில் வைத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று உள்ள அரசாங்க அமைப்பிடம் கட்ட வேண்டும். கட்டிய ரசீதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. வெறுங்கையில் பணம் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வருவது, செக்ரோலில் பெயர் விழாமல் நாள் முழுதும் வேலை செய்ததற்குச் சமம்.

இனி வேலைக்கு வருவோம். உணவகம், பண்டகசாலை, துப்புரவு, பழம் பறித்தல் என்று பல வகை. மெல்பர்னிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் மில்டூராவில் திராட்சை, ஷெப்பர்டன் பக்கம் பேரிப் பழம். நம் பிள்ளைகள் தோட்டத்து வாசனை தெரிந்தவர்கள். ஆகவே "குலைக்கு இவ்வளவு, எடைக்கு இவ்வளவு" என்ற கணக்கு அவர்களுக்கு விளங்கும். மழை பெய்தால் பால் இல்லை, பால் இல்லையென்றால் கூலி இல்லை என்ற காலத்தை நம் பாட்டன்மார் பார்த்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் பழப் பண்ணைகளில் கூடைக்கு இவ்வளவு என்று மட்டும் கொடுத்து, நாளெல்லாம் உழைத்தவருக்குச் சாப்பாட்டுக்கே போதாமல் போன கதைகள் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அங்கே விதி மாறியது. கூடைக் கணக்கில் கூலி கொடுத்தாலும், வேலை செய்த மணி நேரத்துக்குரிய குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. மணிக்கணக்கையும் முதலாளி எழுதி வைக்க வேண்டும்.

அந்தக் குறைந்தபட்சக் கூலி எவ்வளவு? 2025 ஜூலையில் அது மணிக்கு 24.95 டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது. நிரந்தரமில்லாத வேலையாளுக்கு, சம்பள விடுப்பு இல்லாத காரணத்தால், அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகச் சேரும். வழக்கமாக ஒவ்வொரு ஜூலையிலும் இதைத் திருத்துவார்கள். ஆகவே போகும் ஆண்டுக்கான தொகையைப் பிள்ளை விசாரித்துக்கொள்ள வேண்டும். நம் ஊழியர் சேமநிதியைப் போன்ற ஒன்றுக்கும் முதலாளி பணம் கட்டுவார். நாடு திரும்பிய பின் அதைக் கேட்டு வாங்கலாம். ஆனால் இந்த விசாக்காரருக்கு அதில் 65 விழுக்காடு வரியாகப் போய்விடும் என்பதால், அதை நம்பி இங்கே கடன் வாங்கக் கூடாது.

இப்போது முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். நம் முன்னோர் இந்த மண்ணுக்கு எப்படி வந்தார்கள்? பெரும்பாலோர் கங்காணி கூட்டி வர, கப்பலேறி வந்தவர்கள். 1938-ஆம் ஆண்டு இந்திய அரசு கூலியாட்களை அனுப்புவதைத் தடை செய்யும்வரை அந்த வழி இருந்தது. கங்காணிகளில் நல்லவரும் உண்டு, கடனைக் காட்டி ஆளைக் கட்டிப் போட்டவரும் உண்டு. இன்று ஆஸ்திரேலியப் பண்ணைகளுக்கு ஆள் கொண்டுபோகும் குத்தகைக்காரர் புதுக்காலக் கங்காணிதான். அவரே வேலை தருவார், அவரே வண்டி விடுவார், அவரே அறையும் தந்து எல்லாவற்றையும் கூலியில் கழிப்பார். விக்டோரியாவில் 2019 முதல் இப்படி ஆள் கொடுப்பவர் உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை யாரும் பார்க்கலாம். பட்டியலில் பெயர் இல்லாதவரின் வண்டியில் ஏறக் கூடாது.

கடப்பிதழை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள விடக் கூடாது. முதலாளி பார்க்கலாம், நகல் எடுக்கலாம். ஆனால் அசல் உங்கள் பையில்தான் இருக்க வேண்டும். "புகார் செய்தால் உன் விசாவைப் பிடுங்கிவிடுவேன்" என்று மிரட்டுபவர் உண்டு. முதலாளிக்கு அந்த அதிகாரம் இல்லை. விசா எந்த நிலையில் இருந்தாலும் உழைத்த கூலி உழைத்தவருக்கே என்பதை அந்நாட்டுச் சட்டம் 2023-இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. கூலித் தகராறைக் கேட்க அரசாங்க அலுவலகம் உண்டு. அதன் தொலைபேசி எண் 13 13 94. ஆங்கிலத்தில் பேசத் தயங்கினால் 131 450 என்ற எண்ணில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், தமிழுக்கும் ஆள் உண்டு. ஆபத்து வேளையில் 000. நம் நாட்டுத் தூதரகம் கான்பெராவில் இருக்கிறது. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி, ஒன்றைப் பிள்ளையின் பையிலும் ஒன்றை வீட்டுச் சுவரிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

நோய் நொடிக்கும் ஏற்பாடு வேண்டும். அங்கே உள்ள அரசாங்க மருத்துவத் திட்டம் மலேசியர்களுக்குப் பொருந்தாது. ஆம்புலன்ஸ் ஏறினாலே பெரிய தொகை கேட்பார்கள். ஆகவே காப்புறுதி எடுக்காமல் அனுப்பாதீர்கள்.

கடைசியாக மனசு. முதல் மாதம் உற்சாகத்தில் ஓடிவிடும். இரண்டாவது மாதம்தான் தனிமை உறுத்தும். வேலை முடிந்து குளிரில் அறைக்கு வந்தால் பேச ஆளிருக்காது. அழ வேண்டும் போல் இருக்கும். அது பலவீனமல்ல, எல்லோருக்கும் வருவது. மெல்பர்னின் தென்கிழக்கே கேரம் டவுன்ஸில் சிவ விஷ்ணு ஆலயம் இருக்கிறது. டாண்டினோங் பகுதியில் நம் சாமான்கள் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வந்தால் மனம் தெளியும். வீட்டிலிருப்பவர்களும் வாரத்தில் ஒரு நாளை நிச்சயித்துப் பேசுங்கள். அங்கே மணி நம்மைவிட இரண்டு மணி நேரம் முந்தும், அவர்களது கோடைக்காலத்தில் மூன்று. பேசும்போது "எப்போது பணம் அனுப்புவாய்?" என்று தொடங்காமல், "சாப்பிட்டாயா?" என்று தொடங்குங்கள். பணத்துக்குப் பயந்து மோசமான வேலையைப் பொறுத்துக்கொள்ளும் பிள்ளை, தன் கஷ்டத்தை வீட்டில் சொல்லாமலே மறைத்துவிடும். "முடியாவிட்டால் திரும்பி வா, வாசல் திறந்திருக்கிறது" என்ற ஒரு வார்த்தையை முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

நம் முன்னோர் திரும்பிப் போகக் காசில்லாமல் கடல் கடந்தார்கள். நம் பிள்ளை திரும்பி வரும் செலவைக் கையில் வைத்துக்கொண்டு போகட்டும். வேறுபாடு அதில்தான் இருக்கிறது.