அமுக்கராவுக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

‘நரம்புத் தளர்ச்சி, ஆண்மைக்குறைவுக்கு நிரந்தரத் தீர்வு’ என்று பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸ், இன்று கைப்பேசித் திரைக்கு இடம் மாறிவிட்டது. தாது புஷ்டி லேகியமாக விற்றது இப்போது ‘டெஸ்டோஸ்டிரோன் பூஸ்டர்’ என்ற பெயரில் கேப்ஸ்யூலாக வீடு தேடி வருகிறது. டப்பாவில் அச்சிட்டிருப்பவை பெரும்பாலும் நம் ஊர் அறிந்த சரக்குகள்தான்: அமுக்கரா, நெருஞ்சில், பூனைக்காலி, வெந்தயம், கூடவே சிலாஜித். இந்த மூலிகைகளின் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் சோர்வோ ஆசைக்குறைவோ தாம்பத்தியத் தடுமாற்றமோ வந்த ஓர் ஆண், காரணத்தைத் தேடாமல் நேராக டப்பாவைத் திறந்தால், உள்ளே இருக்கும் நோய் வளர்வதற்கு அவரே அவகாசம் கொடுத்துவிடுகிறார்.

டெஸ்டோஸ்டிரோன் விரைகளில் சுரக்கிறது. எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவிடுவது மூளையும் பிட்யூட்டரி சுரப்பியும். ரத்தத்தில் அளவு கூடினால் உத்தரவு குறையும், குறைந்தால் கூடும். காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் தணியும் ஹார்மோன் இது. அதனால்தான் காலை வேளையில், இரண்டு வெவ்வேறு நாட்களில் அளந்து பார்க்காமல் குறைபாடு என்று மருத்துவர்கள் முடிவு கட்டுவதில்லை. அமெரிக்கச் சிறுநீரியல் சங்கம் வைத்திருக்கும் எல்லை, டெசிலிட்டருக்கு 300 நானோகிராம். ஐரோப்பாவின் 8 மையங்களில் 40 முதல் 79 வயது வரையிலான 3,369 ஆண்களை ஆராய்ந்து 2010-ல் வெளியான முடிவு கவனிக்கத்தக்கது. ஹார்மோன் அளவும் குறைந்து, அதற்குரிய பாலியல் அறிகுறிகளும் சேர்ந்திருந்தவர்கள் 2.1 சதவீதம் பேர் மட்டுமே. நாற்பதைக் கடந்தாலே ஹார்மோன் வற்றிவிடும் என்ற விளம்பரப் பயமுறுத்தலுக்கு இதில் ஆதாரம் இல்லை.

மூலிகைகள் என்ன செய்கின்றன? நெருஞ்சிலுக்குப் புகழ் தேடித் தந்த நாடு பல்கேரியா. அந்நாட்டு ஆய்வாளர்களே 21 இளைஞர்களுக்கு நான்கு வாரம் கொடுத்துப் பார்த்து, ஹார்மோனில் மாற்றம் இல்லை என்று 2005-ல் எழுதினார்கள். ஆஸ்திரேலிய ரக்பி வீரர்களிடம் நடந்து 2007-ல் வெளியான ஆய்விலும் அதே விடைதான். அமுக்கராவின் கணக்கு கொஞ்சம் வேறு. 40 முதல் 70 வயது வரையிலான, எடை கூடிய ஆண்களிடம் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், அதன் சாற்றை எட்டு வாரம் உட்கொண்டபோது உமிழ்நீரில் டெஸ்டோஸ்டிரோன் போலி மாத்திரையைவிட 14.7 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் களைப்பிலோ சுறுசுறுப்பிலோ பாலியல் நலத்திலோ இரு தரப்புக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. எண் ஏறியது, ஆளுக்கு அது உறைக்கவில்லை. இன்னொரு ஆய்வையும் இதன் அருகில் வைக்க வேண்டும். ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டபோது, அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் சரிந்தது. எட்டு வார மூலிகை தந்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய ஈடான அளவை, ஒரு வாரத் தூக்கக்கேடே பறித்துக்கொள்கிறது.

“தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட மருந்தாயிற்றே” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சித்த மருத்துவத்தில் அமுக்கரா தனியாக வருவதில்லை. நாடி பார்த்து, சரக்கைச் சுத்தி செய்து, அனுபானமும் அளவும் பத்தியமும் சொல்லி வைத்தியர் கொடுப்பது அது. வேரின் சாற்றைச் செறிவாக்கி, முகம் தெரியாத எல்லோருக்கும் ஒரே அளவில் விற்கும் கேப்ஸ்யூல் அந்த மரபின் பெயரை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மூலிகைக்குப் பக்கவிளைவு கிடையாது என்பதும் உண்மையல்ல. அமுக்கரா உட்கொண்டவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் மஞ்சள் காமாலையும் வந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-ல் பதிவு செய்தார்கள். தைராய்டு ஹார்மோனையும் அது கூட்டக்கூடும். டென்மார்க் 2023-ல் அதைத் தடையே செய்துவிட்டது.

டப்பாவில் எழுதாமல் உள்ளே இருப்பது இன்னும் பெரிய கவலை. 2007 முதல் 2016 வரை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் கலப்படம் கண்டுபிடித்த துணை உணவுகள் 776. அவற்றில் 353 பாலியல் சக்திக்கென்று விற்கப்பட்டவை. அவற்றில் அதிகம் சிக்கிய கலப்படம், வயாகராவில் உள்ள சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்குச் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் அறியாமல் இதையும் விழுங்கினால், ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியும். பாலியல் ஆற்றலைக் கூட்டுவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, அமலாக்கம்தான் போதவில்லை.

“இங்கிலீஷ் மருந்து மட்டும் பாதுகாப்பானதா?” என்பது அடுத்த கேள்வி. டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஜிம் நண்பர் சொன்னார் என்று போட்டுக்கொண்டால், மூளை தன் உத்தரவை நிறுத்திவிடும்; விந்தணு உற்பத்தி படுத்துவிடும். ஆகவே அதையும் தானாக வாங்கக் கூடாது. எந்த முறை மருந்தானாலும் நோயறிதல் முதலில் வர வேண்டும். நமக்கு இதில் தனி அவசரம் உண்டு. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். தொப்பையும் சர்க்கரையும் டெஸ்டோஸ்டிரோனைக் குறைப்பவை. விறைப்புக் குறைபாடோ, மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே வரக்கூடிய எச்சரிக்கை. ஆணுறுப்பின் ரத்தக்குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிடக் குறுகலானவை என்பதால் அடைப்பு அங்கேதான் முதலில் தெரிகிறது. ஆறு மாதம் லேகியத்தில் கழிந்தால், அந்த எச்சரிக்கை வீணாகிறது.

டப்பா விற்பதற்கு உண்மையான காரணம் வெட்கம். கேப்ஸ்யூல் யாரையும் ஏறிட்டுப் பார்க்காது; கேள்வி கேட்காது. மருத்துவர் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்தான் சிகிச்சை தொடங்குகிறது. ஆகவே, தயங்கி நிற்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஒரு நாள் காலை வெறும் வயிற்றில் சென்று சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, டெஸ்டோஸ்டிரோன் ஆகியவற்றைப் பாருங்கள், ரத்த அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். அந்தத் தாளோடு ஒரு மருத்துவரிடமோ முறையாகப் படித்த சித்த மருத்துவரிடமோ போய் உட்காருங்கள். அமுக்கரா வேண்டுமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.