பழைய தூணும் புதிய வீடும்

1856-இல் திறக்கப்பெற்ற இராயபுரம் ரயில் நிலையம் இன்றும் ரயில்களுக்கு உழைத்து வருகிறது. அதன் பெருமை அந்த உழைப்பில்தான் இருக்கிறது. நம் வீடுகளின் கதியோ வேறு. இப்பக்கத்தில் ஒரு பழைய வீடு இடிபட்டால் தேக்குக் கதவும் தூணும் விலைக்குப் போகின்றன. வாங்குகிறவர் அத்தூணைப் புதுக் கூடத்து மூலையில் எதையும் தாங்காமல் நிறுத்திவிட்டு, பழமையும் புதுமையும் கலந்துவிட்டன என்று மகிழ்கிறார். இது கலப்பாகுமா?

செட்டிநாட்டாரைப் பாருங்கள். பர்மாத் தேக்கையும் இத்தாலியச் சலவைக்கல்லையும் கொணர்ந்தார்கள். ஆயினும் முற்றத்தையும் திண்ணையையும் விட்டார்களில்லை. ஆத்தங்குடிக் கல்லோ, அன்று புதுச் சரக்கான சிமெண்டைக் கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, நீரில் ஊறவைத்துச் செய்வது. சூளை வேண்டா, நடக்க நடக்க மெருகேறும். புதிய பொருள் பழைய வாழ்க்கைக்குப் பணி செய்தது, அதுவன்றோ கலப்பு!

நிற்க. நேயர்கள் செய்யக்கூடியது யாது? பழைய கதவு கிடைத்தால் வாசலிலேயே பொருத்துங்கள். கடற்காற்று இரும்பைத் தின்னும் இவ்வூரில் தேக்கு நெடுநாள் நிற்கும். தூண் கிடைத்தால் திண்ணைக் கூரையைத் தாங்கட்டும். மின்விளக்கும் விசிறியும் தாராளமாக இருக்கட்டும்.

நம்முடைய வீடே பழையதாயின், இடிக்கத் துணியுமுன் செப்பனிட முடியுமா என்று ஒருமுறை கேட்போம். பிறர் கூடத்து மூலையில் நம் பாட்டனார் வீட்டுத் தூண் சும்மா நிற்பதைக் காண நேரிடாதிருக்கட்டும்.