‘ப்ராஜெக்ட் அக்னி’ குறும்படத்தின் பார்வையாளர் எதிர்வினைகள்: தொல்காப்பிய மருட்கை வழி ஒரு விளக்கம்

முன்னுரை

2021 ஆகஸ்டு 6ஆம் நாள் நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியான ‘நவரசா’ ஒன்பது குறும்படங்களின் தொகுப்பாகும். கொரோனாப் பெருந்தொற்றால் வருவாய் இழந்த திரைப்படத் தொழிலாளர்க்கு உதவும் நோக்குடன் மணிரத்னமும் ஜெயேந்திர பஞ்சாபகேசனும் இதனை உருவாக்கினர். ஒவ்வொரு படமும் ஒரு சுவைக்கு உரியதாக அமைக்கப்பட்டது. அவற்றுள் வியப்புச் சுவைக்கு உரியது கார்த்திக் நரேன் இயக்கிய ‘ப்ராஜெக்ட் அக்னி’. ‘துருவங்கள் பதினாறு’ (2016) வாயிலாக மர்மக் கதைசொல்லலில் பெயர் பெற்ற இயக்குநரின் இந்த அறிவியல் புனைவுக்குப் பார்வையாளரிடையே எழுந்த எதிர்வினைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. அம்முரணின் காரணத்தைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

படமும் எதிர்வினையும்

விஷ்ணு (அரவிந்த்சாமி) என்னும் ஆய்வாளர், தாம் கண்டறிந்த ஓர் உண்மையைத் தம் நண்பர் கிருஷ்ணாவிடம் (பிரசன்னா) எடுத்துரைக்கிறார். ஆழ்மனத்தின் வழியே காலத்தைக் கடக்க முடியும் என்பதும், நாம் வாழும் உலகமே யாரோ அமைத்த போலி அமைப்பாக இருக்கலாம் என்பதும் அவ்வுரையாடலின் சாரம். படத்தின் பெரும்பகுதி ஓர் அறையில் நிகழும் இவ்வுரையாடலே. எதிரே அமர்ந்திருப்பவர் உண்மையில் யார் என்னும் வினா இறுதியில் எழுகிறது.

எதிர்வினைகளை மூவகையாகப் பகுக்கலாம். தமிழில் இத்தகைய முயற்சி அரிது எனப் பாராட்டி, முடிவின் திருப்பத்தை வியந்தோர் ஒரு வகையினர். கிறிஸ்டோபர் நோலனின் படங்களை இது நினைவூட்டுகிறது என்று கூறி நின்றோர் மற்றொரு வகையினர். ஆங்கில உரையாடல் மிகுதி என்றும், படம் பார்ப்பதைவிட வகுப்பில் பாடம் கேட்பது போல் உள்ளது என்றும் குறைகூறியோர் மூன்றாம் வகையினர்.

இக்குறைகளைக் கொண்டு, அறிவியல் புனைவு தமிழ்ப் பார்வையாளர்க்கு எட்டாதது என முடிவு கட்டுவது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. வேற்றுக்கோள் மனிதரைக் காட்டிய ‘கலை அரசி’ 1963இலேயே வெளிவந்தது. கால இயந்திரத்தை மையமாகக் கொண்ட ‘இன்று நேற்று நாளை’ (2015) பரவலான வரவேற்பைப் பெற்றது. ஆகவே சிக்கல் பார்வையாளரின் அறிவுநிலையில் இல்லை. வியப்பு தோன்றும் முறையில் உள்ளது.

மருட்கை தோன்றும் முறை

தொல்காப்பியர் கூறும் எட்டு மெய்ப்பாடுகளுள் வியப்பைக் குறிப்பது மருட்கை. புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அதன் நிலைக்களன்கள். இவற்றுள் ஆக்கம் என்பது ஒன்று பிறிதொன்றாக மாறுதல் கண்டு வியத்தல் என உரை வழி விளங்கிக்கொள்ளலாம். இந்நான்கையும் கூறுமிடத்தில், அறிவு நிரம்பாத நிலையை மருட்கைக்கு அடையாகத் தொல்காப்பியர் தருகிறார். அறிவு சென்றடையாத இடைவெளியே மருட்கையின் இடம் என்பது இதனால் பெறப்படும்.

மெய்ப்பாடு பிறக்கும் படிநிலைகளை உரையாசிரியர்கள் நான்காக விரிப்பர்: சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறி நுகர்ந்த உணர்வு, உள்ளத்து நிகழும் குறிப்பு, உடம்பில் வெளிப்படும் விறல். பொருள் முதலில் நிற்பது கருதத்தக்கது. பொருள் புலனுக்கு எட்டிய பின்னரே ஏனைய மூன்றும் நிகழும்.

‘ப்ராஜெக்ட் அக்னி’யில் இவ்வரிசை பெரிதும் மாறியுள்ளது. வியத்தற்குரிய பொருளாகிய ஆழ்மனப் பயணம் முதன்மையாகச் சொல்லாகவே வருகிறது. விஷ்ணுவின் பதற்றமும் கேட்பவரின் திகைப்புமாகிய குறிப்பும் விறலும் திரையில் தெளிவாகத் தெரிகின்றன. பார்வையாளரோ பொருளைக் காணுமுன் அதன் விளக்கத்தைப் பெறுகிறார். விளக்கம் முந்திக்கொள்ளும்போது அறிவு நிரம்பாத இடைவெளி அடைபடுகிறது, மருட்கை தகவலாகிவிடுகிறது. ‘பாடம் கேட்பது போல்’ என்ற குறையின் அடிப்படை இதுவே. காணும் பொருள் இல்லாதவிடத்து, முன்பு கண்ட பொருளை மனம் தேடுகிறது. நோலன் படங்களின் காட்சிகள் பலர்க்கு நினைவில் எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

சொல் மிகுதியே குறையா எனின், அன்று. கிறிஸ் மார்க்கரின் ‘லா ஜெத்தே’ (1962) 28 நிமிடக் காலப்பயணக் குறும்படம். ஏறத்தாழ முழுவதும் அசையா நிழற்படங்களால் ஆனது. கதையைக் குரல் ஒன்றே நடத்திச் செல்கிறது. ஆயினும் விமான நிலைய மேடையில் ஒரு சிறுவன் கண்ட மரணக் காட்சி தொடக்கத்திலேயே பொருளாக வைக்கப்படுகிறது. அது அவனது சொந்த மரணமே என்பது இறுதியில் தெரியவரும்போது, சொல் காட்சிக்குப் பின்னே வருகிறது.

மொழி குறித்த குறை

ஆங்கில மிகுதி என்னும் குறையையும் இவ்வழியே நோக்கலாம். ஒப்புமைக்கு, தொழில்நுட்பச் சொற்கள் அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்கும் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம். வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வழியே நீளும் தோல் தொழில் பகுதியில் தமிழும் உருதுவும் அருகருகே வழங்குகின்றன. டிரம், குரோம், வெட் புளூ, கிரஸ்ட், அப்பர் ஆகிய சொற்கள் அங்கே தொழிலாளர் பேச்சின் இயல்பான கூறுகள். பதப்படுத்திய தோல் குரோமிய உப்புக் கரைசலுடன் டிரம்மில் சுழன்று இளநீல நிறம் பெற்று வெளிவருவதே வெட் புளூ. ஒன்று பிறிதொன்றாகும் ஆக்கம் கண்முன் நிகழ்வதால், அச்சொல்லைப் பள்ளி செல்லாதவரும் தயக்கமின்றி ஆள்கிறார். சொல்லின் பிறப்பிடம் அவர்க்குத் தடையாவதில்லை.

ஆகவே ஆங்கிலச் சொல் என்பதனால் மட்டும் பார்வையாளர் விலகுவதில்லை. சொல்லைத் தாங்கும் பொருள் காணப்படாதபோது விலகுகிறார். மேலும், நீண்ட ஆங்கிலத் தொடர்களை நண்பர் இருவர் பேசுவது, அறிவு பேசும் மொழி தமிழன்று என்ற குறிப்பையும் உடன் தருகிறது. பார்வையாளரின் மனக்குறையில் இந்நியாயம் அடங்கியுள்ளது.

முடிவின் திருப்பம்

மூவகையினரும் ஒப்பிடத்தக்க ஓரிடம் படத்தின் முடிவு. நண்பர் என நம்பப்பட்டவர் வேறொருவராகத் தோன்றும் அக்கணத்தில், இதுவரை பார்வையாளர் கண்டுகொண்டிருந்த முகமே வியத்தற்குரிய பொருளாகிறது. இது ஆக்கத்தின்பாற்பட்ட மருட்கை. இங்கே விளக்கம் பின்தங்குகிறது, பொருள் முன்நிற்கிறது. படத்தைக் குறைகூறியோரும் முடிவைப் பற்றிப் பேச நேர்ந்தது இதனால் எனலாம்.

முடிவுரை

‘ப்ராஜெக்ட் அக்னி’ பெற்ற முரண்பட்ட எதிர்வினைகள் தமிழ்ப் பார்வையாளரின் அறிவியல் அறிவை அளப்பவை அல்ல. பொருள், உணர்வு, குறிப்பு, விறல் என்னும் வரிசை படத்தில் எங்கே முறிந்தது, எங்கே கூடியது என்பதை அவை துல்லியமாகக் காட்டுகின்றன. செய்யுட்கு வகுக்கப்பட்ட மெய்ப்பாட்டியல் இன்றைய குறும்படத்தின் நுகர்வையும் விளக்க வல்லது என்பது இதனால் பெறப்படும் பயன். தமிழ் அறிவியல் புனைவு வேண்டுவது எளிமையாக்கிய அறிவியலை அன்று. அறிவு எட்டுமுன் கண்ணுக்கு எட்டும் ஒரு பொருளையே அது வேண்டி நிற்கிறது.