ஒரே வேதம், இரண்டு தீர்ப்புகள்: இவாஞ்சலிகல் கிறிஸ்தவர்கள் பைபிளை விளங்கும் முறை

கம்மாபுரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், பன்றி இறைச்சி கூடாது என்று லேவியராகமத்தில் இருக்கிறது. அதை விட்டுவிட்டார்கள். ஓரினச் சேர்க்கை கூடாது என்று அதே நூலில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்களே, இது என்ன நியாயம்?" விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறையில் கூட வேலை செய்யும் கிறிஸ்தவ நண்பரிடம் இதைக் கேட்டு, பேச்சே நின்றுபோனதாம்.

பதில் சொல்லுமுன் அவர்களுடைய 'உஸூலை' அறிவது நல்லது. இவாஞ்சலிகல் பிரிவினருக்கு பைபிளே இறுதி அதிகாரம். 1978-ல் சிகாகோவில் கூடிய அவர்களின் அறிஞர்கள், அதில் பிழையே இல்லை என்று பிரகடனம் வெளியிட்டனர். விளக்கம் சொல்வது எப்படி என்பதற்காக 1982-ல் மற்றொரு பிரகடனம் வந்தது.

வசனத்தின் சொற்பொருளையும் அது எழுந்த சூழலையும் முதலில் பார்க்கிறார்கள். விளங்காத வசனத்தை விளங்கும் வசனத்தைக் கொண்டு விளக்குகிறார்கள். பழைய ஏற்பாட்டுச் சட்டங்களை வழிபாட்டு விதி, இஸ்ரவேலரின் அரசுச் சட்டம், ஒழுக்க விதி என மூன்றாகப் பிரிப்பவர்கள் அவர்களில் பலர். முதல் இரண்டும் இயேசுவோடு முடிந்தன, மூன்றாவது நிற்கிறது என்பது அவர்கள் கொள்கை. உணவு விலக்கு நீங்கியதற்கு மாற்கு 7, அப்போஸ்தலர் 10 ஆகியவற்றையும், ஓரினச் சேர்க்கைத் தடை நீடிப்பதற்கு ரோமர் 1-ஐயும் காட்டுவார்கள். ஆக, இது மனம்போன போக்கு அல்ல. ஆனால் இந்த மூன்று பிரிவும் பைபிளிலேயே இல்லை என்று கிறிஸ்தவ அறிஞர்களிலேயே பலர் மறுக்கிறார்கள்.

முறை ஒன்றாக இருந்தால் முடிவும் ஒன்றாகிவிடுமா? நம் தமிழகத்திலேயே இதற்குச் சான்று உண்டு.

தஞ்சைத் திருச்சபையில் சாதிவாரியாகத் தனித்தனியே அமர்வது வழக்கமாக இருந்தது. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி அறவே கூடாது என்று உத்தரவிட்டார். அவரும் இவாஞ்சலிகல்தான். தஞ்சையின் புகழ்பெற்ற கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். சாதி உலகியல் வழக்கமே தவிர மார்க்க விஷயமல்ல என்பது அத்தரப்பின் வாதம். கிறிஸ்துவில் யூதன், கிரேக்கன், அடிமை என்ற பேதம் இல்லை எனும் கலாத்தியர் 3:28 எதிர்த்தரப்பின் ஆதாரம். வேதனைப்பட்ட பலர், பின்னாளில் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் மிஷனில் சேர்ந்தார்கள். பின்னர் லைப்சிக் மிஷன் எனப்பட்ட அது, சாதியைக் கட்டாயப்படுத்தி ஒழிக்கக்கூடாது என்றது. 1850-ல் சென்னையில் மற்ற புராட்டஸ்டண்ட் மிஷன்கள் சாதிக்கு எதிராகத் தீர்மானித்தபோதும் அது சேரவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படியட்டும் எனும் எபேசியர் 6:5-ஐ ஒரு சாரார் காட்டினார்கள். மனிதனைத் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை என்னும் யாத்திராகமம் 21:16-ஐ மறுசாரார் காட்டினார்கள். அடிமை விவகாரத்தில் பிரிந்து 1845-ல் உருவான தெற்கு பாப்டிஸ்ட் அமைப்பு, 150 ஆண்டுகள் கழித்து 1995-ல் மன்னிப்புக் கேட்டது.

வேதம் மாறவில்லை. எந்த வசனத்தை வேராகவும் எதைக் கிளையாகவும் கொள்வது என்பதில்தான் தீர்ப்பு மாறியது. அந்தத் தேர்வில் ஊர் வழக்கமும் சொந்த நலனும் ஓசையின்றி நுழைந்துவிடுகின்றன.

அந்த இளைஞரிடம் நாம் சொன்னது இதுதான்: ஒற்றை வசனத்தை எடுத்து நண்பரை மடக்காதீர்கள். "நீங்கள் இதை எப்படி விளங்குகிறீர்கள்?" என்று கேளுங்கள். முழுமையாகக் கேட்டபின் மறுப்பதே நீதி.

நம் பக்கமும் திரும்பிப் பார்ப்போம். தொழுகையில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். பெண் எடுக்கவும் கொடுக்கவும் வரும்போது ராவுத்தர், மரைக்காயர், லெப்பை என்று கணக்குப் பார்ப்பவர்கள் நம்மிடம் இல்லையா? "அது மார்க்கமல்ல, வழக்கம்தான்" என்று நாமும் சொல்கிறோம். தஞ்சையில் சொன்னதும் அதையேதான்.